பேஸ் இல்லாத இசைத்தட்டு

பெப்ரவரி 3, சனி

ஆரணி இன்று ரொறன்ரோவுக்குப் பறந்துவிட்டாள். பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம், அதோடு சேர்த்து நீண்ட லீவு. விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்குக் கட்டளைகள் கொடுத்தாள்.

இதைப் பிற்காலத்தில் யாராவது எடுத்து வாசித்தால் தலையும் வாலும் விளங்க வேண்டும் என்பதற்காகச் சில விவரங்கள். நான் குகதாசன். குரொய்டனில், பிழையான இடத்தில் நிறுத்திய கார்களுக்குத் தண்டச் சீட்டு ஒட்டுவது என் வேலை. ஊரே திட்டும். திட்டு வாங்குவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும், எனக்கு அது உண்டு.

ஆனால் உண்மையில் நான் வௌவால் றெக்கோட்ஸ் நிறுவனத்தின் தலைவர். நிறுவனம் எங்கள் குசினிக்குப் பின்னால் உள்ள அறையில் இயங்குகிறது. இசை முழுவதும் என் மச்சாள் ஆரணியுடையது. என் மனைவி சுகந்தியின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் பிரிவில் வேலை. மற்றதெல்லாம் என்னுடையது. அதாவது பெட்டி தூக்குவது, முத்திரை ஒட்டுவது, தலைவராக இருப்பது.

நாங்கள் செய்வது டப்ஸ்டெப். இந்தக் குரொய்டன் பக்கத்தில் பிறந்த சங்கீதம். மாமனாருக்கு நான் விளக்கியது இப்படி: பாட்டு மெல்ல ஏறும், ஏறும், ஒரு மூச்சு நிற்கும், பிறகு அடியிலிருந்து பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், வந்து விழும். அதைக் காதால் கேட்பதில்லை, நெஞ்செலும்பால் கேட்பது. அந்த விழுகைக்காகத்தான் சனம் கண்ணை மூடிக்கொண்டு காத்து நிற்கும். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்ப பாட்டு எப்ப துவங்கும் என்றார்.

ஆரணி இரண்டு வருடமாக இழைத்த பாட்டுக்கு "நிலவறை" என்று பெயர். தொடக்கம் முதல் கடைசி வரை ஹெட்போனில் செய்தாள். எங்கள் வீட்டில் பெரிய ஸ்பீக்கர் போட முடியாது. சுகந்தி நர்ஸ், இரவு வேலை. மாமா காவல் வேலை, ஒரு கிழமை இரவு, ஒரு கிழமை விடியற்காலை. எந்த நேரத்தில் பார்த்தாலும் இந்த வீட்டில் ஒருவர் நித்திரை. உலகத்திலேயே பெரிய சத்தம் போடும் சங்கீதத்தை நாங்கள் நுனிக்காலில் நடந்து தயாரிக்கிறோம்.

இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை முதலில் ஒரேயொரு மாதிரித் தட்டு அனுப்பும். அதைக் கேட்டு நாங்கள் சரி என்று சொன்னால்தான் மிச்சத்தை அடிப்பார்கள். அது ஆரணி இல்லாத நேரத்தில் வரப் போகிறது. கட்டளை அதைப் பற்றித்தான்.

"அத்தான், வீட்டில கேக்காதேங்கோ. கார்லிட கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஸ்பீக்கரில போட்டுக் கேளுங்கோ. அந்த விழுகையை மட்டும் ரெண்டு மூண்டு தரம் கேளுங்கோ."

கார்ல் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிற எங்கள் சிநேகிதன். சரி பிள்ளை, என்னிடம் விடு என்றேன். திரும்பி வரும்போது காருக்குள் சுகந்தி சொன்னாள்: இந்தத் தட்டு சரியாக வந்தால் ஆரணி தொடர்ந்து செய்வாளாம், பிழைத்தால் இந்த வேலையே இனி வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறாளாம். ஆகவே பொறுப்புப் பெரியது. பொறுப்புகளை நான் விரும்புகிறவன்.

பெப்ரவரி 14, புதன்

சுகந்திக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். குசினி சிங்க் அடைத்திருப்பதை எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டாள். பூவை அந்த சிங்குக்குள்தான் வைத்திருந்தேன்.

பெப்ரவரி 20, செவ்வாய்

மாதிரித் தட்டு வந்தது! லேபலில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. கையில் எடுத்ததும் ஒரு தகப்பனைப் போல உணர்ந்தேன்.

கார்லின் கடைக்குக் கொண்டு போகத்தான் நினைத்தேன். மழை. அதோடு செவ்வாய்க்கிழமை கடை பூட்டு என்று ஒரு ஞாபகம். நான் லீவு எடுத்ததும் சிங்க் அடைப்பு எடுக்கத்தான். சுகந்தி வேலை முடிந்து வந்து, படுக்கை விரிப்புகளைத் தோய்க்கப் போட்டுவிட்டு, மேலே போய்ப் படுத்துவிட்டாள். ஆகவே பின்னறையில் சின்ன ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்து, மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது. ஏறியது, ஏறியது, மூச்சு நின்றது, விழுந்தது. ஸ்பீக்கரில் பெரிதாக ஒன்றும் வரவில்லைதான், ஆனால் நிலம் அதிர்ந்தது! பலகைத் தளம் உள்ளங்காலுக்குக் கீழே நடுங்கியது. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக நகர்ந்தது. இவ்வளவு குறைந்த சத்தத்தில் இவ்வளவு பேஸ் இருந்தால் பெரிய ஸ்பீக்கரில் கூரை மிஞ்சாது. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த அதிர்வு நிற்கவில்லை. தரம் என்றால் அது.

இரண்டு மூன்று தரம் கேட்கத் தேவைப்படவில்லை. சரி, அச்சடியுங்கள் என்று தொழிற்சாலைக்கு எழுதினேன். கனடாவுக்குப் போன் அடித்து, பிள்ளை, வீடு ஆடுது என்றேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

போய் விரிப்புகளை எடுத்துக் காயப்போட்டேன். இன்றைக்கு மெஷின் நன்றாகப் பிழிந்திருந்தது.

மார்ச் 24, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

ஆரணி போன கிழமை திரும்பி வந்தாள், தட்டுகள் நேற்று வந்தன. இன்று காலை நானும் ஆரணியும் ஒரு பெட்டியைக் கார்லின் கடைக்குக் கொண்டு போனோம். கார்லின் பெற்றோர் ஜமைக்காக்காரர், பேஸ் அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கடை ஸ்பீக்கர்கள் அலுமாரி உயரம். சனிக்கிழமை என்பதால் கடை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் முன்னால் "நிலவறை"யைப் போட்டான்.

ஏறியது. ஏறியது. மூச்சு நின்றது. கண்கள் எல்லாம் மூடின. பிறகு ஒன்றுமே விழவில்லை.

தாளத்தின் மெல்லிய டிக் டிக் மட்டும் போய்க்கொண்டிருந்தது, வெற்று வீட்டில் குழாய் சொட்டுகிற மாதிரி. கார்ல் வயரை ஆட்டிப் பார்த்தான். மறுபடியும் போட்டான். மறுபடியும் டிக் டிக்.

ஒரு தாடிக்காரன் கண்ணைத் திறக்காமலே சொன்னான், இத்தனை வருடமாக இந்தக் கடைக்கு வருகிறேன், இப்படி ஒரு துணிச்சலை நான் கேட்டதில்லை என்று. இரண்டு தட்டு வாங்கினான். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன், இது மோசடி, சோறில்லாத புரியாணி என்ற கருத்தில் ஏதோ சொன்னான். தாடி தொப்பியைப் பார்த்து உனக்குக் காதே இல்லை என்றது. தொப்பி தாடியை நெஞ்சில் தள்ளியது. கார்ல் இரண்டு பேரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான். தெருவிலும் சண்டை தொடர்ந்தது. பின்னேரத்துக்குள் பெட்டி காலி. பிடிக்காதவர்களும் வாங்கினார்கள், சிநேகிதருக்குப் போட்டுக் காட்டித் திட்டுவதற்கு.

ஆரணி தட்டு அடுக்குக்குப் பக்கத்திலேயே நின்றாள்.  பஸ்ஸில்தான் வாய் திறந்தாள். பேஸின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக விட்டுவிட்டாளாம். ஹெட்போனில் அது அகலமாக, அழகாகக் கேட்டிருக்கிறது. தட்டில் வெட்டும்போது அடிச்சத்தத்தின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்ப்பார்களாம். சேர்த்ததும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது.

"ஆனா மாதிரித் தட்டில இருந்ததெண்டு சொன்னீங்களே அத்தான்?"

இருந்தது என்றேன். இருந்ததே. என் காலாலேயே உணர்ந்தேன்.

மார்ச் 25, ஞாயிறு

மாதிரித் தட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நிலம் ஆடவில்லை. ஊசி தேய்ந்திருக்கும். புது ஊசிக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 31, சனி

புது ஊசி போட்டாயிற்று. நிலம் ஆடவில்லை. நிலத்தில் ஏதோ பிழை.

ஏப்ரல் 14, சனி

வருடப்பிறப்பு. சுகந்தி பொங்கினாள், நான் தேங்காய் துருவினேன், கையையும் கொஞ்சம் துருவிக்கொண்டேன்.

இணையத்தில் டப்ஸ்டெப்காரர் கூடிக் கதைக்கும் தளத்தில் எங்கள் தட்டுக்கென்று ஒரு பக்கம். அது முடிகிற பாடாக இல்லை. டப்ஸ்டெப்பைக் கொன்ற தட்டு என்று ஒருவன். டப்ஸ்டெப் இன்றைக்குத்தான் பிறந்தது என்று அடுத்தவன். வருடக்கணக்காக ஒன்றாக ரேடியோ நிகழ்ச்சி செய்த இரண்டு பேர் இதனால் பிரிந்து, ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசையில் ஒருவரை ஒருவர் திட்டுகிறார்களாம். என் வேலையிலும் திட்டு உண்டுதான், ஆனால் தண்டச் சீட்டு என் வாழ்க்கையை மாற்றிவிட்டது என்று இதுவரை யாரும் எழுதியதில்லை.

மத்தியானம் ஒரு இசைச் சஞ்சிகையிலிருந்து போன். ஆரணி கதைக்க மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் என்ற முறையில் நான் எடுத்தேன். அந்த இடத்தில் பேஸ் இல்லாதது வேண்டுமென்று செய்ததா என்று கேட்டார்கள்.

தொண்டையைச் செருமினேன். இல்லை, பிழை நடந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மௌனம்தான் எங்கள் பேஸ்" என்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்னமும் தெரியவில்லை. அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. வெறுமை, புலம்பெயர்வு, வெட்டவெளி என்று இரண்டு மூன்று விஷயம் சொன்னேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாடிப்படியில் ஆரணி இல்லை. மேலே கதவு சாத்துகிற சத்தம். பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பசியில்லை என்றாள்.

மே 19, சனி

கார்லின் கடையில் புதிதாக ஒரு அடுக்கு. அதற்கு மேல் ஓட்டையின் படம் வரைந்து ஒட்டியிருக்கிறான். எல்லாம் எங்கள் தட்டைப் பார்த்துச் செய்தவை. லீட்ஸிலிருந்து, பிரிஸ்டலிலிருந்து, பெல்ஜியத்திலிருந்துகூட. ஒருவன் விழுகை வரும் இடத்தில் சுவர்க்கடிகாரத்தை வைத்திருக்கிறான். ஒருவன் தேத்தண்ணிக் கேத்தில் கொதிப்பதை. இன்னொருவன் ஒன்றுமே வைக்காமல் தட்டின் இரண்டாம் பக்கத்தைச் சும்மா விட்டுவிட்டு அதற்கும் ஒரு பெயர் போட்டிருக்கிறான்.

கார்ல் சொன்ன விஷயம்தான் எனக்குப் புதினம். இப்போது எங்கே "நிலவறை"யைப் போட்டாலும், பேஸ் இல்லாத அந்த இடம் வந்ததும் சனம் காலால் நிலத்தை உதைக்கிறதாம். எல்லோரும் சேர்ந்து. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பேஸ் வரும்வரை காத்து நின்றவர்கள், இப்போது தாங்களே அதைச் செய்கிறார்கள். அரைவாசிப் பேர்தான். மற்ற அரைவாசி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். ஆரணி சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

"ஆரோ ஒருத்தி என்ர பேரில வாழுற மாதிரிக் கிடக்கு. அவளை எனக்குத் தெரியாது."

எல்லாக் கலைஞரும் இப்படித்தான் ஆரம்பத்தில் கதைப்பார்கள் என்று சொன்னேன். சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பருப்பில் உப்புக் கூட என்று நினைத்தேன்.

ஜூன் 16, சனி

சுகந்தியின் சித்தப்பா மகளுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்பு நீராட்டு விழா. மண்டபம் முழுக்கச் சனம், மேடையில் பிளாஸ்டிக் அன்னம், வீடியோக்காரருக்கு உதவியாக இன்னும் ஒரு வீடியோக்காரர். பாட்டுப் போடுகிற பெடியன் ஆரணியைக் கண்டதும் கும்பிட்டான். அக்காவைக் கௌரவிக்கிறேன் என்று, பிள்ளை மண்டபத்துக்குள் வருகிற நேரம் பார்த்து "நிலவறை"யைப் போட்டுவிட்டான்.

ஏறியது, ஏறியது. பிள்ளை பட்டுச் சேலையில் வாசலில் நிற்கிறாள். தோழிப் பிள்ளைகள் தட்டுகளோடு பின்னால். விழ வேண்டிய இடத்தில் டிக் டிக். யாரோ ஒரு மாமி, கரண்ட் போயிட்டுது என்றார். லைட் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் சொன்ன குரலில் அவ்வளவு உறுதி. பிள்ளையின் பெரியப்பா ஓடிப்போய் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றைக் கீழே தள்ளினார். அதோடு உண்மையாகவே எல்லாம் இருண்டது. இருட்டில் அன்னம் ஒரு பக்கம் சரிந்தது. ஒரு தோழிப்பிள்ளையின் தட்டிலிருந்த பலகாரமெல்லாம் வீடியோக்காரரின் தலையில். இந்தச் சனத்தில் பாதி பயந்தது, பாதி கைதட்டியது. எங்கே போட்டாலும் பாதிப் பாதிதான்.

சாப்பிடும்போது அந்த மாமி ஆரணியைத் தேடி வந்து கையைப் பிடித்தார். "நீ செய்த பாட்டோ பிள்ளை? நல்லாத்தான் வந்தது, இடையில என்னவோ விட்டுப் போச்சு. பரவாயில்லை, அடுத்த முறை சரியாச் செய்வாய்."

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் ஆரணி விம்மி விம்மி அழுதாள். அக்கா, இத்தனை பேரில் அந்த ஒரு மனிசிக்குத்தான் பிழை கேட்டது என்றாள்.

ஜூன் 17, ஞாயிறு

காலையில் எழும்பிப் பார்த்தால் ஆரணி பின்னறையில் பொருட்களைப் பெட்டிக்குள் வைக்கிறாள். கீபோர்ட், ஹெட்போன், வயர்கள் எல்லாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போகிறாளாம். நாங்கள் விளையாட்டாகக் கேட்டோம். அவள் விளையாட்டில் இல்லை. வேலை இடத்தில் தன் காதைத் தானே சோதித்துப் பார்த்தாளாம். காது சரி என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் பிழை காதில் இல்லை, தன்னில்தான் என்றாள். மாதிரித் தட்டில் இருந்த பேஸ் பிறகு இல்லாமல் போகாது, அத்தானுக்கு இருந்தது என்று கேட்டிருக்கிறது, தனக்கு மட்டும் எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்தறியத் தெரியவில்லை, அப்படிப்பட்டவள் இந்த வேலை செய்யக் கூடாதாம்.

 தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று குசினிக்குள் போனேன். சுகந்தி அங்கே நின்றாள். தோய்க்கிற மெஷினில் துவாய்கள். அது கடைசிச் சுற்றுக்கு வந்து பிழியத் தொடங்கியது. செருப்புப் போடாத காலுக்குக் கீழே தளம் நடுங்கியது. மேசையில் வைத்த கோப்பை மெல்ல மெல்ல விளிம்புக்கு நகர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்கு விரிப்புத் தோய்ச்சனான்," என்றாள்.

எண்டைக்கு என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லை.

"வீடு ஆடுது எண்டு நீங்கள் கனடாவுக்குப் போன் அடிச்ச அண்டைக்கு. மெஷின் பிழிஞ்சா மேல கட்டிலும்தான் ஆடுறது. நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனும் இல்லை, அதனால்தானோ என்னவோ இத்தனை மாதம் போனது. என் மனதுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். ஊசி மாற்றினவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

பின்னறைக்குப் போனேன். கார்லின் கடைக்குக் கொண்டு போகவில்லை என்று சொன்னேன். மழை என்று சொன்னேன். மெஷினைச் சொன்னேன். ஆரணி கையில் சுற்றிக்கொண்டிருந்த வயரை நிறுத்தினாள்.

"அப்ப நீங்கள் கேக்கவே இல்லையா?"

"கேட்டனான். காலால."

சிரிப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். வயரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தாண்டிக்கொண்டு மேலே போய்விட்டாள். கோப்பை உடைந்திருந்தது. கூட்டி அள்ளினேன்.

ஜூலை 10, செவ்வாய்

ஆரணி என்னோடு கதைப்பதில்லை. எங்கள் சனத்தில் கோபம் போட்டால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அதை அவள் ஒன்றும் குறையாமல் செய்கிறாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே, அக்கா, அத்தானைக் கொஞ்சம் காலை எடுக்கச் சொல்லுங்கோ என்கிறாள். நான் காலை எடுத்தால், எடுத்துவிட்டார் என்று சுகந்தி அறிவிக்க வேண்டும்.

இன்று வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் அடுப்படியில் நின்றுகொண்டே பேப்பர் பார்த்தேன். சுகந்தியிடமிருந்து போன் வந்தது, வார்டிலிருந்து. சோறு அடிப்பிடிக்குதாம், அடுப்பை நிப்பாட்டட்டாம் என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஆரணி எனக்குப் பின்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இந்தப் பெண் எங்கள் கலியாண வீட்டில் எனக்கு மோதிரம் போட்டபோது பல்லு விழுந்த வாயோடு அத்தான் அத்தான் என்று பின்னால் திரிந்தவள். அந்தச் சொல்லை அவள் வாயால் என் முகத்துக்கு நேரே கேட்காமல் வீடு வீடாக இல்லை.

ஒரு நல்ல விஷயம். பெட்டிகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

ஜூலை 29, ஞாயிறு

சுகந்தி புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் ஒருவரும் நித்திரை கொள்ளக் கூடாது. ஆரணி பெரிய ஸ்பீக்கரில் வேலை செய்வாள். கார்ல் பழைய சோடி ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மாமா தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணி விட்டார். நானும் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டேன். அந்த விழுகை வந்தபோது ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. மாமா வாளியை வைத்துவிட்டு, இப்பத்தான் பாட்டுத் துவங்கியிருக்கு என்றார்.

மெஷின் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஓடவில்லை.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

கார்ல் அடுத்த மாதம் நோர்வூட் பக்கம் ஒரு பழைய தேவாலய மண்டபத்தில் பகல் நேரக் கூட்டம் வைக்கிறான். "நிலவறை"யைச் செய்தவளே வந்து போடுகிறாள் என்று அறிவித்தாயிற்று. ஆரணி திருத்திய பாட்டை ஒரேயொரு தட்டில் வெட்டுவித்து எடுத்திருக்கிறாள். அதை அவளே கார்லின் கடையில் நின்று கேட்டாளாம். எத்தனை தரம் என்று நான் விசாரிக்கவில்லை.

சுகந்தி வழியாக எனக்குச் செய்தி வந்தது. அன்றைக்கு அம்பிளிபயரைப் பார்க்க ஆள் வேண்டுமாம், அத்தானுக்கு வேலை இல்லாவிட்டால் வரலாமாம். பேப்பர்காரர் யாரிடமும் வாய் திறக்கக் கூடாதாம். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு

வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் அதுதான் காரணம்.

மண்டபம் நிறைந்து வாசலுக்கு வெளியேயும் சனம். பாதிப் பேர் உதைப்பதற்கென்றே கனத்த சப்பாத்து போட்டு வந்திருந்தார்கள். மற்றப் பாதி திட்டுவதற்கென்றே வந்தது. சுகந்தி வாழ்க்கையில் முதன்முறையாக இப்படி ஒரு இடத்துக்கு வந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, அம்பிளிபயரடியில் என் பக்கத்தில் நின்றாள். ஆரணி மேடையில். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. கடைசியாக அந்தத் தட்டை உறையிலிருந்து எடுத்தாள்.

முதல் ஓசையிலேயே சனம் அடையாளம் கண்டு கத்தியது. ஏறியது. ஏறியது. மூச்சு நின்றது. மண்டபத்தில் பாதி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

விழுந்தது.

நெஞ்செலும்பால் கேட்பது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டு திரிந்தேனே, எனக்கே அது இன்றைக்குத்தான் தெரிந்தது. கழுத்திலிருந்து முழங்கால் வரை என்னை யாரோ பிடித்து நிறுத்திய மாதிரி இருந்தது. இந்தப் பிள்ளை எங்களுடைய நித்திரைக்குப் பயந்து தன் காதுக்குள் இத்தனை நாள் வைத்திருந்தது இதைத்தானா? மழைக்குப் பயந்து நான் தொலைத்தது இதைத்தானா? வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. சுகந்தி என் கையைப் பிடித்தாள். அவளுடைய கைப்பைக்குள் சில்லறை குலுங்கியது.

தூக்கிய கால்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. சத்தத்துக்குள் உதைக்க இடம் இல்லை. சில முகங்கள் சுருங்கின. கார்லின் கடையில் அன்றைக்கு இரண்டு தட்டு வாங்கின தாடிக்காரன் சனத்தை இடித்துக்கொண்டு என்னிடம் வந்து, யார் இதைக் கெடுத்தது, உலகத்துக்கே ஒரு வெட்டவெளியைக் கொடுத்துவிட்டு இப்போது குப்பை போட்டு நிரப்பிவிட்டாளே, சனம் செய்கிறதைப் பார்த்துப் பயந்துவிட்டாளா என்று கத்தினான். அவனுக்குப் பின்னால், சோறில்லாத புரியாணி என்று சொன்ன தொப்பிக்காரன் கண்ணை மூடி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பாதிப் பேர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். பாதிப் பேர் ஸ்பீக்கர் பக்கம் நெருங்கினார்கள்.

தாடிக்காரனுக்குச் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. வாய் திறப்பதில்லை என்று சொல்லியிருந்தேன், திறக்கவில்லை. மேடையைப் பார்த்தேன். இவ்வளவு சனம் போகிறது, அவள் உடைந்துவிடுவாள் என்று பயந்தேன். ஆரணி போகிறவர்களைப் பார்க்கவே இல்லை. ஒரு கை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இருந்தது. முகம் சின்னப் பிள்ளையின் முகம். பாட்டு இரண்டாம் முறை ஏறத் தொடங்கியது. அவள் என் பக்கம் திரும்பினாள். சுகந்தியின் பக்கம் இல்லை, நேரே என் பக்கம்.

"அத்தான், கூட்டுங்கோ."

கூட்டினேன்.

மண்டபத்தில் கடைசி வரை நின்றது பாதிக்கும் குறைவு. நின்றவர்கள் அந்தத் தட்டை மறுபடியும் மறுபடியும் போடச் சொல்லி மேடைப் பலகையில் தட்டினார்கள். கார்ல் அழுதான், புகை மெஷினில் ஏதோ பிழை என்றான். தளத்தில் இந்நேரம் எழுதியிருப்பார்கள், அவள் தன்னைத் தானே பார்த்துப் போலி செய்கிறாள் என்று. எழுதட்டும்.

வரும்போது காரில் ஆரணி பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, என் காதுக்குப் பக்கத்தில் தொடங்கினாள். ஒரு தட்டைக் கேட்கச் சொன்னால் கேட்கத் தெரியாதா அத்தான், மழை என்றால் குடை இல்லையா அத்தான், கார்ல் செவ்வாய்க்கிழமை கடை பூட்டுறான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது அத்தான், வெட்டவெளி என்றீங்களே பேப்பர்காரனுக்கு, அது என்ன வெட்டவெளி அத்தான், நான் ரெண்டு வருஷம் கண் முழிச்சது உங்கட வெட்டவெளிக்கோ? இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. சந்தியில் பச்சை விழுந்து பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

சுகந்தி, போதும் விடு, மனுசன் பாவம் என்று சொல்லி ரேடியோவைப் போடக் கையை நீட்டினாள்.

வேண்டாம் என்றேன். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.